உச்சிப்பொழுதில் ஒற்றைக் கதவு

ராக்கு,

உன் டிரங்குப் பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னால் சேலை மடிப்புக்குள் இதை வைத்துவிடச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். ஆனையூர் போய்ச் சேர்ந்து, பெட்டியைத் திறந்து, சேலையை எடுத்து உதறும்போது கீழே விழட்டும். நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இத்தனை வருஷம் வகுப்பில் கத்திய தொண்டைதான். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அது மக்கர் பண்ணுகிறது. ஆனையூர்ப் பள்ளிக்கு வேலை உத்தரவு வந்த அன்று, முதல் வகுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அப்புறம் நீயே வந்து, "அப்பா, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்க என்னென்னமோ ஆட்டம் வச்சிருந்தீகள்ல, அதையெல்லாம் எனக்கு எழுதிக் குடுங்க" என்றாய். எழுதித்தான் கொடுக்கிறேன். ஆனால் ஆட்டத்தோடு அதன் கதையும் சேர்ந்தே வரும். ஒன்றை விட்டு மற்றதைக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

இன்று மத்தியானமும் வாசல் கதவுக்காக என்னோடு சண்டை போட்டாய். ஆடு உள்ளே புகுந்து சுளகில் இருந்த அரிசியில் வாய் வைத்துவிட்டது. "திறக்கிறதுன்னா முழுசாத் திறங்க, சாத்துறதுன்னா முழுசாச் சாத்துங்க. உச்சி வெயில்ல ஊரே அடைச்சுக் கெடக்கு, நம்ம வீட்ல மட்டும் தெனம் ஒத்தக் கதவத் திறந்து போட்டு என்னாத்துக்குக் காவல்?" என்று கேட்டாய். நான் ஆட்டை விரட்டுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன். அந்தக் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

முதலில் ஆட்டங்கள். நான் வில்லாபுரத்துப் பள்ளிக்கு வந்தபோது அங்கே ஒரே ஓட்டுக் கட்டடம், ஒரே அறை. பிள்ளைகள் மணலில் விரலைத் தேய்த்துக்கொண்டு எழுத்தைக் கூட்டமாகக் கத்துவார்கள். கத்துகிற பிள்ளைக்குக் கத்துவது எது என்று தெரியாது. பசுமலையில் பயிற்சிக்குப் போயிருந்தபோது காதில் விழுந்தது பாதி, நானாகக் கட்டிவிட்டது பாதி என்று சில விளையாட்டுகளைப் புகுத்தினேன். எழுத்தைக் காட்டுவதற்கு முன்னால் அதன் ஓசையைப் பிள்ளையின் வாயிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. தேள் கொட்டினால் என்ன சொல்வாய்? ஆ. அடுப்பில் புகை மண்டினால்? ஊ. பல்லைக் காட்டு பார்க்கலாம். ஈ. கூரையில் இருக்கும் காக்கா என்ன சொல்கிறது, பட்டியில் ஆடு என்ன சொல்கிறது? கா, மே. இப்படி வாயில் ஏற்கெனவே இருப்பதை எடுத்து மணலில் எழுதிக் காட்டினால், அட, இது நம்ம சொத்துதானே என்று பிள்ளை பிடித்துக்கொள்ளும். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "வாத்தியாரு ஆட்டோட சேந்து கத்துறாரு" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் வெட்கம் இருந்ததில்லை.

அடுத்தது கைதட்டு. ஒரு எழுத்துக்கு ஒரு தட்டு. புள்ளி வைத்த எழுத்து வந்தால் தட்டக் கூடாது, விரலைச் சொடுக்க வேண்டும். அம்மா என்றால் ஒரு தட்டு, ஒரு சொடுக்கு, மறுபடி ஒரு தட்டு. ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வரும் இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தம். முதல் வகுப்புப் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் தட்டிக்கொண்டே படிப்பார்கள். எண்ணெய் டின், பஞ்சாலை நோட்டீஸ், கோயில் சுவர், எதையும் விடமாட்டார்கள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு ஊமை ஆட்டம் என்று பெயர். படித்தது மண்டையில் ஏறியதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. நான் வாய் திறக்காமல் கரும்பலகையில் எழுதுவேன்: எழு. ஓடு. தூணைத் தொடு. பிள்ளைகளும் வாய் திறக்காமல் அதைச் செய்ய வேண்டும். எழுதியதைச் செய்தவர்களுக்குப் புளியங்கொட்டை பரிசு. சாயங்காலம் மணி அடிக்கும் முன் கடைசியாக எழுதுவது எப்போதும் ஒன்றுதான்: நாளை வா. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. அதைப் படித்துவிட்டு "வாரேன்யா" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லி வீட்டுக்கு ஓடுவார்கள். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்த மாதிரியே இருக்காது.

ஒரு வருஷம் கோடையில் வாந்திபேதி வந்தது. அவனியாபுரம் பக்கம் ஒரு வீட்டில் ஆரம்பித்து, கண்மாய்க் கரை ஓரமாக நடந்து எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். கிணறுகளில் மருந்து ஊற்றினார்கள், தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியது. அதைக் குடிக்க மாட்டோம் என்று சனங்கள் கண்மாய்த் தண்ணீரையே மொண்டு வந்தார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நோயைக் கொண்டு வருகிறவள் உச்சிப்பொழுதில், மனிதர் நடமாட்டம் இல்லாத நேரத்தில், வாசல் வாசலாக வந்து நிற்பாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. கதவைத் திறந்தால் உள்ளே வந்துவிடுவாளாம். கதவில் நாளை வா என்று எழுதியிருந்தால் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாளாம். மறுநாள் வந்தாலும் அதே எழுத்து, மறுபடியும் திரும்பிப் போவாள். அவள், சொன்ன பேச்சைக் கேட்கிறவள் என்பது எல்லாருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.

தெருவில் எழுதத் தெரிந்தவன் நான். எதிர்வீட்டுப் பேச்சியக்கா ஒரு சிரட்டையில் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஒம்ம படிப்பு இதுக்காவது ஒதவட்டும் வாத்தியாரே." எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. ஆனால் பயந்து கிடக்கிறவர்களிடம் வாதம் பண்ணிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. வேப்பங்குச்சியை மென்று தூரிகையாக்கி, தெருவின் இரண்டு பக்கமும் ஒரு வீடு விடாமல் எழுதினேன். எல்லாம் இரட்டைக் கதவுகள். இடது கதவில் நாளை, வலது கதவில் வா. முதல் வகுப்புக்கு எழுதி எழுதிப் பழகிய கை அல்லவா, எழுத்துகள் குண்டுகுண்டாக, கரும்பலகையில் இருப்பது போலவே வந்தன. உன் அம்மா கேட்டுக்கொண்டதால் எங்கள் கதவிலும் எழுதினேன். தினமும் சாயங்காலம் எழுதுகிற அதே இரண்டு சொல் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பிறகு சத்தம் வர ஆரம்பித்தது. உச்சி வெயிலில் யாரோ தெருவில் கைதட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பேச்சியக்கா சொன்னாள். "ஒவ்வொரு வாசல்லயும் நிக்குதாம்யா. கொட்டுதாம், என்னமோ முணுங்குதாம், அப்புறம் போயிருதாம். சந்தோசத்துல கை கொட்டுதுங்கிறாக." நான் சிரித்தேன். மறுநாள் மத்தியானம் நானே கேட்டேன்.

வெயில் அப்படியே நின்றுகொண்டிருந்த நேரம். நாய் குரைக்கவில்லை, காக்காய்கூடக் கத்தவில்லை. தெருவின் கோடியில் இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து எதிர்ச் சாரி வீடுகளிலும் அதே மாதிரி கேட்டது. எதிரொலி என்று நினைத்தேன். சத்தம் வீடு வீடாக நகர்ந்து வந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்தாள். எங்கள் கதவுக்கு முன்னால் காலடி நின்றது. தட்டு, தட்டு. தட்டு. பிறகு கதவிடுக்கில் ஒரு மெல்லிய, வறண்ட குரல்: "நா... ளை... வா." அப்புறம் "வாரேன்யா" என்று சொல்லிவிட்டு அது போய்விட்டது.

நாளைக்கு வருகிறேன் என்று அது சொல்லிவிட்டுப் போனது உன் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அன்று முழுக்க அவள் சாமி படத்துக்கு முன்னால் இருந்து எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் என்ன பெரிய வீரனா? எனக்கும் பயம்தான். நோய்க்குப் பயந்தேன், பேய்க்கும் பயந்தேன், பேயை நம்பாதவன் பயப்படுகிறேனே என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது. இந்தப் பேய்க்கு எழுத்துக் கூட்டிப் படிக்க எவன் கற்றுக் கொடுத்தான் என்று வேடிக்கையாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். சொன்ன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேடிக்கைப் பேச்சே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எவன் கற்றுக் கொடுத்தான்?

மறுநாள் உச்சிக்கு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஒரு பக்கம் மட்டும்தான் சத்தம், அதுவும் மெதுவாக, நின்று நின்று. எங்கள் வாசலில் தட்டு, தட்டு, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தம் நான் வைத்தது, ராக்கு. இரண்டு சொல்லுக்கு நடுவில் மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தவன் நான். நான் எழுந்தேன். உன் அம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, வேண்டாங்க, தெறக்காதீக." நான் தாழை எடுத்து இடது கதவை இழுத்தேன்.

வாசலில் நீ நின்றுகொண்டிருந்தாய்.

எங்கள் வயிற்றில் நீ பிறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். கண்மாய்க்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு சுடும் காளவாசலில் வேலை செய்தவர்களின் பிள்ளை என்பதும் தெரியும். நோயில் அவர்கள் போனதும் உன்னைத் தூக்கி வந்து வளர்த்தோம் என்று சொல்லியிருக்கிறோம். தூக்கி வரவில்லை. அப்போது என் முதல் வகுப்பில் இருந்தாய்; நீயாகவே வந்தாய். உதடு வெடித்து, முடியெல்லாம் சுண்ணாம்புத் தூசியாக, கையைத் தட்டுவதற்குத் தூக்கியபடி நின்றாய். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நேத்தும் வந்தேன்யா. நாளைக்கு வரச் சொல்லி எழுதிப் போட்ருந்தீக. போயிட்டேன். இன்னைக்கும் அதே போட்ருக்கு." சொன்னபடி செய்துவிட்டேன், புளியங்கொட்டை எங்கே என்று கேட்கிற முகம். பசியோ தாகமோ அதில் முதலில் தெரியவே இல்லை. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எதிர்வீட்டுச் சாளரத்திலிருந்து பேச்சியக்கா அலறினாள். "கதவச் சாத்தும் வாத்தியாரே! அது பிள்ள ரூபத்துல வந்திருக்குய்யா!" அதுவரை என் வேட்டியைப் பிடித்திருந்த உன் அம்மா, அந்த வார்த்தையைக் கேட்டதும் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். உன்னை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எந்த ரூபத்துல வந்தா என்னக்கா, இதுக்குத் தண்ணி தவிக்குது" என்றாள். உப்பும் கருப்பட்டியும் போட்ட கஞ்சித் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு உன் நாக்கில் வைத்தாள். நான் கேட்டேன், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. "ஆத்தாளும் அப்பனும் தூங்குறாக. எழுப்பி எழுப்பிப் பாத்தோம்" என்றாய். பாத்தேன் என்று சொல்லவில்லை, பாத்தோம் என்று சொன்னாய்.

"யாரு கூட வந்தா?" "அழகி." "அழகி யாரு?" "எந் தங்கச்சி. அதுக்கு எழுத்துத் தெரியாது. தட்ட மட்டும் நாந்தான் பழக்கிவிட்டேன். நான் இந்தப் பக்கத்து வீடு, அது அந்தப் பக்கத்து வீடு." முந்தின நாள் எதிர்ச் சாரியில் கேட்டது எதிரொலி இல்லை. "இன்னைக்கு எங்க?" என்றேன். நீ சுற்றிலும் பார்த்துவிட்டு, "நேத்தே காணாம்யா. நாளைக்கு வரும்" என்றாய்.

காளவாசலுக்குப் போனோம், நானும் கிணற்றுக்கு மருந்து ஊற்றுகிற ஆளும். முதலாளி வேலையை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே போய்விட்டிருந்தான். குடிசையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். பானை காலி. அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. அழகியைத் தேடினோம். கண்மாயில், கருவேலங்காட்டில், வைக்கோல் படப்புக்கு அடியில், பூட்டிய பள்ளிக்கூடத்தின் பின்னால். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் தேட வந்துவிட்டார்கள், பேச்சியக்காவும் வந்தாள். தன் வாசலில் முந்தின நாள் நின்று தட்டியது அந்தப் பிள்ளைதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "தெறக்காமப் போனேனே, பாவி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க எழுத்தை அழித்தேன். யாரும் தடுக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பின் குணம் உனக்குத் தெரியுமே. ஈரம் இருக்கும் வரை மறைந்திருக்கும், காய்ந்ததும் பளிச்சென்று திரும்பி வந்துவிடும். வெயில் ஏற ஏற, அழித்த கதவிலெல்லாம் நாளை, நாளை, நாளை என்று என் கையெழுத்து எழுந்து வந்தது. உச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீடு வீடாக ஓடி இடது கதவை மட்டும் உள்பக்கமாகத் தள்ளித் திறந்து வைத்தேன். அப்போது தெருவில் நிற்கிறவர் கண்ணுக்கு வலது கதவு மட்டும்தான் தெரியும். தெரு முழுக்க, இரண்டு பக்கமும், வா என்ற ஒரே எழுத்து. ஒவ்வொரு வாசலிலும் ஒரு சட்டி கஞ்சியை வைத்துக்கொண்டு சனங்கள் உட்கார்ந்தார்கள். நோய் வரட்டும், எது வேண்டுமானாலும் வரட்டும் என்ற நிலைக்கு அந்தத் தெரு வந்துவிட்டிருந்தது.

யாரும் வரவில்லை. வெறும் வெயில். நீ உள்ளே காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தாய், உன் அம்மா பக்கத்தில் இருந்தாள். நான் வாசலில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், என் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. நீ படுத்தபடியே காதைச் சாய்த்து எதையோ கேட்டாய். பிறகு கண்ணைத் திறக்காமலே சிரித்தாய். "அழகி படிச்சிருச்சு" என்றாய்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இது சத்தியம். ஆனால் திரும்பிப் பார்த்தபோது உன் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படிக்கு அருகில், சின்னக் கைகளின் ஒற்றைத் தட்டு தன் காதில் விழுந்ததாக அவள் அன்று ராத்திரி சொன்னாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. உன் காய்ச்சல் இறங்கியபோது அழகி என்ற பெயரே உன் நினைவில் இல்லாமல் போயிருந்தது. நாங்களும் கிளறவில்லை. ஆறின புண்ணாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டது சரியா, தப்பா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீ அந்தப் பெயரோடு போக வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. உனக்கு ஒரு தங்கை இருந்தாள். நீதான் அவளுடைய முதல் வாத்தியார்.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்ததும் ஊமை ஆட்டத்தை மாற்றினேன். உனக்கு நினைவிருப்பது அந்த மாற்றிய ஆட்டம்தான். எழு, ஓடு என்பதற்கு நடுவில், கிணற்றைத் தூக்கிக்கொண்டு வா என்று எழுதுவேன். தூணைத் தின்னு என்று எழுதுவேன். பிள்ளைகள் முழிப்பார்கள், பிறகு ஒன்று தைரியமாக எழுந்து "மாட்டேன்யா" என்று சொல்லும். அந்தப் பிள்ளைக்குத்தான் புளியங்கொட்டை. சோதனைக்கு வந்த அதிகாரி, பிள்ளைகளுக்கு எதிர்த்துப் பேசக் கற்றுக் கொடுக்கிறீர்களா என்று குதித்தார். ஆமாம் ஐயா என்றேன். எழுத்தைக் கூட்டிப் படிப்பது பாதிப் படிப்பு. இது யார் சொல்வது, யாருக்குச் சொல்வது, நான் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பது மீதிப் பாதி. நீ நல்ல மாணவி, ராக்கு. என் கையெழுத்தை அவ்வளவு நம்பினாய். ஆனையூர்ப் பிள்ளைகள் உன் கையெழுத்தை அந்த அளவுக்கு நம்பிவிடாமல் பார்த்துக்கொள். ஒரு பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் அன்று சாயங்காலமே அதன் வீட்டு வாசலில் போய் நில். காலுக்கு வலித்தாலும் போ.

கதவை அப்புறம் இழைத்துச் சாயம் பூசிவிட்டோம். எழுத்து இப்போது இல்லை. ஆனாலும் உச்சிப்பொழுதில் இடது கதவை மட்டும் திறந்து வைக்கிற பழக்கம் எங்களை விடவில்லை. ஆடு வரட்டும், புழுதி வரட்டும். நீ லீவுக்கு வரும்போது மத்தியான பஸ்ஸாக இருந்தால் ஒன்று மட்டும் செய். வாசலில் நின்று விளையாட்டுக்குக்கூடக் கையைத் தட்டாதே. அம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டு நேரே உள்ளே வா. கை தட்டுகிற சத்தம் கேட்டால் உன் அம்மா அழகி என்று நினைத்து எழுந்து ஓடுவாள்.

அப்பா